தலையணை ஸ்பீக்கர்: உறக்கத்துக்குச் சரி, கனவுக்கு உதவுமா?

யாழ்ப்பாண நகரத்து மின்சாதனக் கடைகளில் தலையணைக்குள் வைத்துக் கேட்கக்கூடிய தட்டையான சிறிய ஸ்பீக்கர்கள் இப்போது கிடைக்கின்றன. நான் வாங்கியதன் விலை 4,500 ரூபாய். உள்ளங்கையளவு வட்டம், சுண்டுவிரல் தடிப்பு, மேலே மெல்லிய துணியுறை. புளூடூத் மூலமும் மெமரி காட் மூலமும் பாடும். 30, 60, 90 நிமிடங்களில் தானாக நிற்கும் டைமரும், குறித்த நேரத்தில் இசையைத் தொடக்கும் அலாரமும் உண்டு. பெட்டியில் தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தேடியும் காணவில்லை. ஆழ்ந்த உறக்கத்தையும் இனிய கனவுகளையும் தரும் என்ற வாக்குறுதி மாத்திரம் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது.

இசை உறங்கவைக்கும் என்பது தாலாட்டுக் கேட்டு வளர்ந்த எவருக்கும் தெரிந்ததுதான். அதற்காக மட்டும் ஒருவர் இவ்வளவு பணம் கொடுக்கத் தேவையில்லை. என்னை வாங்கத் தூண்டியது கனவைப் பற்றிய அந்த வாக்குறுதி. இசைக்கும் கனவுக்கும் இடையில் உள்ள உறவு உண்மையானது என்றும், அது விளம்பரக்காரர் நினைப்பதைவிட நுட்பமானது என்றும் நான் நெடுநாளாக நம்பிவருகிறேன். ஆகவே இந்தக் கருவியை நானும், என் தாயாரும், வயலின் பயிலும் என் பெறாமகளும் எங்கள் வீட்டில் மாறிமாறிப் பயன்படுத்திப் பார்த்ததன் பயனாகத் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒலித்தரம். இவ்வளவு மெல்லிய தட்டிலிருந்து கனத்த ஒலி வராது என்பதை வாங்குபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் காதுகளுக்கு இந்தக் குறை தவிலில்தான் முதலில் தெரியும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. கழியால் அடிக்கும் இடப்பக்கமான தொப்பியின் ஆழ்ந்த நாதமோ எங்கோ அடுத்த தெருவில் அடிப்பதுபோல் மங்கிப்போகிறது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் நேரிலோ நல்ல ஒலிப்பதிவிலோ கேட்டவர்கள் இந்தத் தட்டில் கேட்டு மனநிறைவு அடையமாட்டார்கள். நாதஸ்வரம் வீதிக்கென்று பிறந்த வாத்தியம். மெல்லிய ஒலியளவில் அதன் உடல் போய், கூரிய மேல்நாதம் மட்டும் மிஞ்சுகிறது. வீணையில் மந்தரத் தந்தி இழக்கப்படுகிறது. புல்லாங்குழலும், தம்பூராவும், தனிக்குரலும் நன்றாக வருகின்றன. படுக்கையில் கேட்பதற்கு இவை போதும் என்பதே என் எண்ணம்.

தலையணையைப் பொறுத்தும் ஒலி மாறுகிறது. இலவம்பஞ்சுத் தலையணையின் நடுவில் வைத்தால் பஞ்சு ஒலியை விழுங்கிவிடும். ஒலியளவைக் கூட்டவேண்டி வரும். கூட்டினால் அருகில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். தலையணைக்கும் அதன் உறைக்கும் இடையில், காதுக்கு நேர்கீழே அல்லாமல் சற்றுப் பக்கமாகச் செருகினால் மிகக் குறைந்த ஒலியளவே போதுமானது. ஸ்பொஞ்சுத் தலையணையில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் வைகாசி வெக்கையில் ஸ்பொஞ்சில் தலைவைத்துப் படுப்பதைவிட இசை கேட்காமல் இருப்பதே மேல்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். இரவு விளக்கணைத்து, மின்விசிறியின் ஓசைக்குக் கீழே தம்பூரா சுருதியோடு, பாட்டோ தாளமோ இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் நீலாம்பரி ஆலாபனை ஒன்றை 30 நிமிட டைமரில் ஓடவிட்டுப் படுத்தால், சில நிமிடங்களில் ஒரு நிலை வருகிறது. கண் மூடியிருக்கிறது, ராகம் காதில் விழுகிறது, ஆனால் அதைக் கேட்கிறோம் என்ற நினைவு தளர்ந்து, ராகத்தின் ஒவ்வொரு பிடிக்கும், அதாவது ஒவ்வொரு சிறு சுரக்கோவைக்கும், ஒரு காட்சி தோன்றத் தொடங்குகிறது. கமகத்தின் அசைவு ஒரு கிணற்று நீரின் அசைவாகிறது. பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் யாரோ படலையைத் திறக்கிறார்கள். இவை கனவுகளும் அல்ல, நாம் வேண்டுமென்று எண்ணுபவையும் அல்ல. என் தாயார் இதை இரண்டாம் நாள் காலையிலேயே சரியாகச் சொல்லிவிட்டார்: “இதைக் கேட்டுக்கொண்டு கிடந்தால் நித்திரையும் இல்லை, முழிப்பும் இல்லை தம்பி. ஆனால் மனதுக்கு நல்லாயிருக்கு.”

விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவே இருக்கும் இந்தக் குறுகிய வரம்பை உறக்க ஆய்வாளர்கள் இப்போது மிகுந்த மதிப்போடு நோக்குகிறார்கள். பரிஸில் செலியா லக்கோ, டெல்ஃபின் உதியெத் ஆகியோரின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மறைந்திருக்கும் ஒரு விதியைக் கண்டுபிடித்தால் சுலபமாகத் தீர்க்கக்கூடிய எண்கணக்கு ஒன்று பங்குபற்றியோருக்குக் கொடுக்கப்பட்டது. இடையில் ஓய்வெடுத்தபோது உறக்கத்தின் இந்த முதற்படியில் குறைந்தது 15 வினாடிகள் இருந்தவர்களில் 83 சதவீதத்தினர் அந்த விதியைக் கண்டுபிடித்தனர். விழித்தே இருந்தவர்களில் கண்டுபிடித்தோர் 30 சதவீதத்தினரே. இன்னும் ஆழமான உறக்கத்துக்குப் போனவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. வாசலில் நிற்பவருக்குத்தான் அது கிடைத்தது. அந்த ஆய்வில் இசை எதுவும் ஒலிக்கவில்லை. ஆனால் அந்த வாசலில் ஒருவரைச் சற்று நேரம் நிறுத்திவைக்க மெல்லிய இசையால் இயலும் என்பதை என் படுக்கையில் உணர்ந்தேன். இந்தக் கருவியின் உண்மையான சிறப்பும் அங்கேதான் இருக்கிறது.

எந்த இசை என்பதும் பொருட்படுத்தவேண்டிய ஒன்று. லீலா தருஃபியும் அவருடைய சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சியான இசையைக் கேட்டவர்களைவிடச் சோகமான இசையைக் கேட்டவர்களின் மனம் அதிகமாக உள்நோக்கி அலைந்தது என்று கண்டார்கள். நாம் எந்த வேலையிலும் ஈடுபடாமல் சும்மா இருக்கும்போது சேர்ந்தியங்கும் மூளைப் பகுதிகளின் வலையமைப்பு ஒன்று இருக்கிறது. பழைய நினைவுகளைத் தொடுவதும், வரப்போவதைக் கற்பனை செய்வதும் அதனோடு தொடர்புடையவை. சோக இசையின்போது அந்த வலையமைப்பு மேலும் இறுக்கமாகச் செயற்பட்டது. எங்கள் வீட்டில் நடந்ததும் இதற்கு ஒத்ததே. சோக ராகங்களான முகாரியும் சுபபந்துவராளியும் ஒலித்த இரவுகளில் நினைவுகள் தாமாக வந்தன. துள்ளலான துக்கடாக்களுக்குக் கால்விரல்கள் தாளம் போட்டன. காட்சி எதுவும் வரவில்லை.

இதை எழுதும்போது அகநானூற்றின் 102ஆம் பாடல் நினைவுக்கு வராமல் இருக்காது. பரண்மேல் இருந்த காவலன் தேறலை உண்டு உறங்கிவிட, கொடிச்சி தன் கூந்தலைக் கோதிக்கொண்டு குறிஞ்சிப்பண் பாடுகிறாள். தினை கவர வந்த யானை கதிரையும் கொள்ளாமல், நின்ற இடத்தைவிட்டுப் பெயராமல், உறங்காத தன் கண்கள் மூட உறங்கிப்போகிறது. யாமத்துக்குரிய குறிஞ்சி நிலத்தின் பண் அது. பசியோடு வந்த விலங்கின் நோக்கத்தையே கரைத்துவிடும் ஆற்றல் இசைக்கு உண்டென்பதை இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை. அந்த யானை என்ன கனவு கண்டது என்று புலவர் சொல்லவில்லை. நானாக இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கருவியை வாங்கிய கடையில் மெமரி காட் ஒன்றையும் வாங்கி, பாடல்களையும் அங்கேயே பதிந்து தரச் சொன்னேன். அவர்கள் சிரத்தையோடு, பிரபலமான திரைப்பாடல்களின் மெட்டுக்களைக் கீபோர்ட்டிலும் புல்லாங்குழலிலும் வாசித்த பதிவுகளையே பெரும்பாலும் நிரப்பித் தந்தார்கள். சொற்கள் இல்லாத இசை உறக்கத்துக்கு நல்லது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் அவற்றைக் கேட்டுப் படுத்த இரவுகளில் நள்ளிரவுக்குப் பின் விழிப்பு வந்தபோதெல்லாம் ஏதோவொரு பல்லவி தலைக்குள் சுழன்றுகொண்டே இருந்தது. கருவி எப்போதோ நின்றுவிட்டது, மெட்டு நிற்கவில்லை. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்கலின் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியிருக்கிறது. உறங்கப் போகும்போது பிரபல பாடல்களைக் கேட்டவர்களில், பாடலைச் சொற்களோடு கேட்டவர்களைவிட அதன் வாத்திய வடிவத்தைக் கேட்டவர்களுக்கே மெட்டுத் தலைக்குள் ஒட்டிக்கொள்வதும் உறக்கம் கெடுவதும் அதிகமாக இருந்தன. விடுபட்ட சொற்களை மனம் தானே நிரப்ப முனைவதால் அப்படி நேரக்கூடும் என்பது என் ஊகம். ஆகவே நன்கு தெரிந்த பாட்டின் வாத்திய வடிவத்தைப் படுக்கையறைக்குள் கொண்டுவர வேண்டாம். பல்லவி என்று திரும்பத் திரும்ப வரும் எதுவும் இல்லாத ராக ஆலாபனை இதற்கு மிகப் பொருத்தமானது. எங்கே தொடங்கியது, எங்கே முடியும் என்று மனம் எதிர்பார்த்துப் பிடித்துக்கொள்ள அதில் கொக்கி இல்லை.

இப்போது பெட்டியில் உள்ள வாக்குறுதியைச் சோதிப்போம். 1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் விரைந்து அசையும் ஓர் உறக்கநிலை இருப்பதை வெளியிட்டார்கள். தெளிவான, கதைபோல் நீளும் கனவுகள் பெரும்பாலும் அந்த நிலையிலேயே வருகின்றன. உறங்கத் தொடங்கி ஏறத்தாழ 90 நிமிடங்களின் பின்னரே அது முதன்முறை வரும். அப்போதும் சில நிமிடங்களே நீடிக்கும். ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வந்து, விடியும் நேரத்தில்தான் நீண்டு செல்லும். இரவின் முற்பகுதி ஆழ்ந்த உறக்கத்துக்குரியது. கனவின் பெரும்பங்கு பிற்பகுதிக்குரியது. இந்தக் கருவியின் மிக நீண்ட டைமரும் 90 நிமிடந்தான். அதாவது முதற்கனவு எழும்பும் வேளையிலேயே இசை நின்றுவிடுகிறது. வாக்குறுதி கொடுத்தவர்கள் தங்கள் கருவியையும் உறக்கத்தின் ஒழுங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்றுதான் எண்ணவேண்டியிருக்கிறது.

டைமரை நிறுத்திவிட்டு இரவு முழுவதும் ஓடவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தேன். காலையில் கனவில் இசை எதுவும் நினைவில் இல்லை. உறக்கமும் திருப்தியாக இல்லை. வில்லியம் டிமென்ட், எட்வர்ட் வொல்பேர்ட் ஆகியோர் 1958இல் வெளியிட்ட பழைய ஆய்வு ஒன்று இங்கே பயன்படுகிறது. கனவுறக்கத்தில் இருந்தவர்கள்மேல் தண்ணீர் தெளித்தபோது 42 சதவீதமான வேளைகளில் அது கனவுக்குள் ஏதோ வடிவில் நுழைந்தது. வெளிச்சம் காட்டியபோது 23 சதவீதம். ஒரே சுரமான ஒலியைக் கேட்கச் செய்தபோது 9 சதவீதம் மட்டுமே. உறங்குபவரின் மூளை ஒலிக்குக் கதவைச் சற்றே இறுகச் சாத்துகிறது.

ஆயினும் கருவியின் ஒரு குறைபாடே அந்தக் கதவை எனக்குத் திறந்து காட்டியது. பட்டரி குறைந்தால் இதற்குள் பதிந்திருக்கும் பெண்குரல் ஒன்று, நாம் வைத்திருக்கும் ஒலியளவைப் பொருட்படுத்தாமல், உரத்து அறிவிக்கிறது. இதை நிறுத்தப் பொத்தான் இல்லை. விடியற்காலையில் அந்தக் குரல் எழும்பியபோது நான் ஒரு புகையிரத நிலையத்தில் நின்று, கடைசி ரயில் போய்விட்டதென்ற அறிவித்தலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விழித்தபின் நெஞ்சு படபடத்தது. இனிய கனவுகளுக்கென்று விற்கப்படும் ஒரு பொருளில் இது பாரதூரமான தவறு. தயாரிப்பவர்கள் வேறு எதைத் திருத்தாவிட்டாலும் இதைத் திருத்த வேண்டும். சார்ஜ் ஏறும்போது எரியும் நீல விளக்கும் இருட்டறையில் மிகக் கூசுகிறது. கறுப்பு ஒட்டுநாடா ஒரு துண்டால் அதை மறைத்துவிட்டேன். டைமர் முடியும்போது இசை படிப்படியாகத் தாழாமல் சட்டென அறுந்து நிற்பதும் ஒரு குறை. அரைத்தூக்கத்தில் இருப்பவரை அந்தத் திடீர் நிசப்தம் எழுப்பிவிடுகிறது. பட்டரி நாங்கள் பயன்படுத்திய அளவுக்கு இரண்டு மூன்று இரவுகள் நின்றது.

ஆனால் அலாரம் என்ற வசதி, பெட்டியில் ஒரு மூலையில் சிறிதாக எழுதப்பட்டிருக்கும் அது, இந்தக் கருவியிலேயே மிகச் சிறந்த பகுதி. வழக்கமாக எழும்பும் நேரத்துக்கு அரைமணி முன்னதாக, கேட்கக் கூர்ந்து கவனிக்கவேண்டிய அளவு மெல்லிய ஒலியில் அதைத் தொடங்கவைத்தால், கனவு நிறைந்த கடைசி உறக்கத்தோடு இசை கலக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் இருள் விலகாத வேளையில் சங்கும் சேமக்கலமும் முழங்க, திருவெம்பாவையும் திருப்பள்ளியெழுச்சியும் பாடிக்கொண்டு ஒழுங்கைகளில் வருவார்கள். போர்வைக்குள் கிடக்கும் பிள்ளைக்கு அந்த ஒலி தொலைவிலிருந்து நெருங்கி, வீட்டு வாசலைக் கடந்து, மறுபடி தேய்ந்து போகும். அந்நேரம் கண்ட கனவுகளில் சங்கொலி கடலாகவும், கப்பலாகவும், சில வேளை இறந்துபோன பெரியவர்கள் கூப்பிடும் குரலாகவும் வந்ததாக எங்கள் வீட்டிலேயே பலர் சொல்லியிருக்கிறார்கள். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கை எங்களிடம் இருப்பதற்கும், அந்நேரத்துக் கனவுகளே நீளமாகவும் நினைவில் நிற்பனவாகவும் இருப்பதற்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. மெல்லத் தொடங்கி மெல்ல வளரும் பூபாள ஆலாபனை ஒன்றை அலாரத்துக்கு வைத்தபோதுதான் இந்தக் கருவி கனவுக்கு ஏதோ ஒன்றைச் செய்தது என்று மனதாரச் சொல்லக்கூடிய காலைகள் கிடைத்தன. எல்லாக் காலைகளிலும் அல்ல. ஆனால் கிடைத்தவை மறக்க முடியாதவை.

என் பெறாமகளின் அனுபவம் வேறு. அவள் சிறுவயதிலேயே வயலின் தொடங்கியவள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறாள். கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுடைய கனவில் இசை வருகிறது. “சித்தப்பா, நான் கோயில் வீதியிலை நிக்கிறன். எனக்குப் பின்னாலை ஆரோ வயலின் வாசிக்கினம். இதுவரைக்கும் கேளாத ராகம். திரும்பிப் பார்க்க ஏலாமல் கிடந்தது” என்று ஒரு காலையில் சொன்னாள். இத்தாலியின் வலேரியா உகாவும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வைப் படித்திருந்தபடியால் எனக்கு வியப்பு ஏற்படவில்லை. அவர்கள் தொழில்முறை இசைக்கலைஞர் 35 பேரையும் அல்லாதோர் 30 பேரையும் தங்கள் கனவுகளைக் குறித்துவைக்கச் செய்தார்கள். கலைஞர்கள் மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேலாக இசையைக் கனவில் கண்டார்கள். அது நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் இசையில் ஈடுபட்டார்கள் என்பதோடு தொடர்புபடவில்லை. எந்த வயதில் பயிலத் தொடங்கினார்கள் என்பதோடு தொடர்புபட்டது. நினைவில் நின்ற கனவிசையில் ஏறக்குறைய அரைவாசி, கேட்டுப் பழகிய வழமையான இசையாக இருக்கவில்லை. உறங்கும் மனம் புதிய இசையை ஆக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஆக்கியதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கடினம். பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய வயலின் கலைஞர் தார்தினி, கனவில் பிசாசின் கையில் தன் வயலினைக் கொடுத்ததாகவும், அது வாசித்த அற்புதத்தைக் கேட்டு விழித்தெழுந்து உடனே எழுத முயன்றதாகவும், எழுதியது தன் படைப்புகளில் சிறந்ததாக இருந்தும் கேட்டதற்குக் கிட்டவும் வரவில்லை என்றும் பிரெஞ்சு அறிஞர் லலாந்துக்குச் சொல்லியிருக்கிறார். என் பெறாமகளும் அன்று காலை முகங்கூடக் கழுவாமல் வயலினை எடுத்தாள். இரண்டு பிடிகள் வந்தன. சிம்மேந்திர மத்திம ராகத்தின் சாயல் இருந்தது. பிறகு கைக்குப் பழகிய வழிக்குள் அது போய்விட்டது. அவள் அழுதுவிட்டாள். அந்த இரண்டு பிடிகளை நான் தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். இசை பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் தலைமாட்டில் தலையணை ஸ்பீக்கர் இருக்கிறதோ இல்லையோ, ஒரு பதிவுக் கருவி இருக்க வேண்டும்.

பகலில் படித்த வர்ணம் என்ற பயிற்சி உருப்படியை இரவில் ஓடவிட்டால் பாடமாகுமா என்றும் அவள் கேட்டாள். இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. 2012இல் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் அன்டனி, கென் பாலர் ஆகியோர் அடங்கிய குழு, பங்குபற்றியோருக்கு இரண்டு மெட்டுக்களை வாசிக்கப் பழக்கி, பகலுறக்கத்தின்போது ஒன்றை மட்டும் மெல்ல ஒலிக்கவிட்டது. எழும்பியபின் அந்த மெட்டையே பங்குபற்றியோர் மேலும் செம்மையாக வாசித்தார்கள். ஆனால் அங்கே மூளையின் மின்னலைகளைப் பார்த்துக்கொண்டிருந்து, ஆழ்ந்த உறக்கம் வந்த தருணத்தில் மட்டுமே ஒலியைக் கொடுத்தார்கள். இந்தக் கருவிக்கு நாம் உறங்கிவிட்டோமா இல்லையா என்பதே தெரியாது. தவிர, பகலில் விரல் பழகியதைத்தான் உறக்கம் உறுதிப்படுத்தியது. பழகாததை அது கற்றுக்கொடுக்கவில்லை. ஆகையால் அன்றாடச் சாதகப் பயிற்சிக்கு மாற்றாக இதை எந்தப் பெற்றோரும் வாங்கிக் கொடுக்கக்கூடாது.

பகற்கனவுக்கு இது எப்படி? விற்பவர்கள் நினைத்தே பாராத இந்தப் பயன்பாட்டில் கருவி என்னை மிகவும் மகிழ்வித்தது. மத்தியானச் சாப்பாட்டின்பின் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் தலைவைக்கும் இடத்தில் துணிக்கடியில் செருகிவிட்டால், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அரைமணி நேரம் வேறு உலகத்தில் இருக்கலாம். ஹெட்போன் காதை அடைத்து உலகத்தைத் துண்டித்துவிடும். இதில் அணில் சத்தமும், வீதியில் போகும் ஐஸ்கிரீம் வானின் மணியும், அடுக்களைப் பாத்திரச் சத்தமும் இசையோடு சேர்ந்தே வருவதால் மனம் இரண்டு பக்கமும் போய்வர முடிகிறது.

ஒரு மாலையில், சுவாமி வீதியுலாப் புறப்படும்போது நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி ஒன்றை ஓடவிட்டு, வீட்டில் இருந்தவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு என்ன தெரிகிறது என்று கேட்டேன். அநேகமாக எல்லோரும் ஒரே காட்சியைச் சொன்னார்கள். சுவாமி வசந்த மண்டபத்திலிருந்து எழுந்தருளுகிறார், திரை விலகுகிறது, தீவட்டி வெளிச்சத்தில் சாத்துப்படி மின்னுகிறது. ஒருவர் நல்லூர் என்றார், இன்னொருவர் மாவிட்டபுரம் என்றார், அவ்வளவுதான் வேறுபாடு. நல்லூரின் 25 நாள் மகோற்சவத்தைச் சிறுவயதிலிருந்து பார்த்துவந்தவர்களுக்கு அந்த இசை தனியாக ஒலிப்பதே இல்லை. எலிசபெத் மார்குலிஸ் என்ற இசை ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கக் கேட்போருக்கும் சீனாவின் டிமென் என்ற கிராமத்தவருக்கும் ஒரே வாத்திய இசைத் துண்டுகளைக் கேட்கச் செய்து, மனதில் எழுந்த கதைகளை விவரிக்கச் செய்தார்கள். ஒரு பண்பாட்டுக்குள் இருந்தவர்களின் கதைகள் வியக்கத்தக்க அளவு ஒன்றையொன்று ஒத்திருந்தன. இரு பண்பாட்டுக்கும் இடையே அந்த ஒற்றுமை இருக்கவில்லை. நாம் தனியே காண்பதாக எண்ணும் பகற்கனவில் ஊரும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த எங்கள் உறவுப் பிள்ளை ஒன்று விடுமுறைக்கு வந்திருந்தபோது அதே மல்லாரியைக் கேட்டு, பெரிய இயந்திரம் ஒன்று மெல்லப் புறப்படுவதாகச் சொன்னது. அதுவும் அழகான காட்சிதான். ஆனால் அது எங்களுடைய காட்சி அல்ல. அந்தப் பிள்ளையை ஒரு முறையாவது ஆவணியில் நல்லூர் வீதியில் நிறுத்தவேண்டும் என்று அன்று உறுதியாகத் தீர்மானித்தேன்.

என் தாயாருக்கு இந்த ஸ்பீக்கரில் மிகவும் பிடித்தது, பழைய திரைப்பாடல்களை மிகத் தாழ்ந்த ஒலியில் கேட்பது. 1990இல் போரினால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட வீடு எங்களுடையது. சுற்றும் கை தளர்ந்தால் குரலும் தளரும். அந்தத் தாழ்ந்த, சற்றே நடுங்கும் ஒலியோடு அவருக்கு அந்தப் பாடல்கள் மனதில் பதிந்திருக்கின்றன. முழுத் தெளிவோடு பெரிய ஸ்பீக்கரில் கேட்டால் அவருக்கு எதுவும் தோன்றுவதில்லை. இந்தச் சிறு தட்டின் குறைந்த ஒலியில் கேட்டால் அந்த வீட்டு முற்றமும், மண்ணெண்ணெய் விளக்கும், சுற்றிய கையும் வந்துவிடுகின்றன. ஒலித்தரம் பற்றி நான் மேலே எழுதிய குறைகள் எல்லாம் அவரைப் பொறுத்தவரை குறைகளே அல்ல.

கடையைப் பற்றியும் சொல்லவேண்டும். விற்பனையாளர் பொறுமையாக இயக்கிக் காட்டினார். ஆறு மாத உத்தரவாதம் எழுதித் தந்தார். ஆனால் கடையின் இரைச்சலுக்குள் இந்தப் பொருளைச் சோதிக்கவே முடியாது. முழு ஒலியளவில் வைத்துத்தான் காட்டுகிறார்கள், வீட்டிலோ நாம் அதில் பத்திலொரு பங்கைத்தான் பயன்படுத்தப் போகிறோம். மிகக் குறைந்த ஒலியளவில் சில ஸ்பீக்கர்களில் கேட்கும் மெல்லிய இரைச்சல்தான் பின்னர் தொல்லை தரும். ஆகவே ஒலியளவைக் கடைசிப் படிக்கு இறக்கி, காதோடு வைத்துக் கேட்டு வாங்குங்கள். பட்டரிக் குரலை நிறுத்த முடியுமா என்பதையும் கேளுங்கள். முடியாதென்றால் தினமும் பகலிலேயே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

இனிய கனவு வேண்டும் என்பதற்காக மட்டும் வாங்குபவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். உறக்கம் வராமல் மனம் அலைக்கழியும் முதியவர்களுக்கும், பகலில் அரைமணி நேரம் தம் நினைவுகளோடு தனித்திருக்க விரும்புவோருக்கும், விடியற்காலையில் கைப்பேசி அலாரத்தின் அதட்டலுக்கு மாற்றுத் தேடுவோருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். மெமரி காட்டைக் கடையில் நிரப்பச் சொல்லாமல் நீங்களே நிரப்புங்கள்: இரவுக்கென்று ஒரு கோப்புறையில் நீளமான ஆலாபனைகள், விடியலுக்கென்று இன்னொன்றில் மெல்லத் தொடங்கும் பதிவுகள். எங்கள் கருவி, மெமரி காட்டில் பெயர் வரிசைப்படி முதலில் இருக்கும் பதிவையே அலாரத்துக்கு எடுக்கிறது; ஆகவே விடியலுக்குரிய பதிவின் பெயருக்கு முன்னால் 01 என்று சேர்த்துவிட்டால் காலையில் எதிர்பாராத தாளவாத்தியத் தனியாவர்த்தனம் எதுவும் உங்களை எழுப்பாது.